கிழமையை இழந்த தெய்வங்கள்

'கிழமை' என்னுஞ் சொல் நாளைக் குறிப்பதற்கு முன்னரே உரிமையைக் குறித்தது. அகப்பொருள் நூல்கள் தலைமக்களைக் கிழவன், கிழத்தி என வழங்கியது முதுமை பற்றியன்று. ஒருவர்க்கொருவர் உரிமையுடையார் என்பது பற்றியே. ஆறாம் வேற்றுமையை விளக்கப் புகுந்த இலக்கண நூலார் அவ்வுரிமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாக வகுத்தனர். 'எனது கை' என்னுமிடத்துக் கை என்னிற் பிரியாது. ஆதலின் அது தற்கிழமை. 'எனது வீடு' என்னுமிடத்து வீடு இன்று எனதாயிருந்து நாளை பிறனுடையதாகலாம். ஆதலின் அது பிறிதின்கிழமை.

சில நாட்களின் முன் இதனை வகுப்பிலே கற்பித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கு உரிய நாள் செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கு உரிய நாள் வெள்ளிக்கிழமை என்று நான் எடுத்துக்காட்டுச் சொல்லி முடிக்குமுன், பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்தான். "ஐயா, அந்த உரிமை தற்கிழமையா, பிறிதின்கிழமையா? செவ்வாயிடமிருந்து அதன் நாளைப் பறித்துவிட முடியுமா?" என்றான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகை வரவில்லை. "முடியும் தம்பி, ஒரு நாட்டார் பறித்தே இருக்கிறார்கள்" என்று சொல்லி ஐஸ்லாந்தின் கதையைத் தொடங்கினேன். மணி அடித்துவிட்டது. அன்று வகுப்பிற் சொல்லி முடியாத கதையே இக்கட்டுரை.

ஏழு நாள், இரு பெயர்வரிசை

ஐஸ்லாந்து ஐரோப்பாவின் வடமேற்கே, ஆர்க்டிக் வட்டத்தை அடுத்துக் கிடக்குந் தீவு. பரப்பில் இலங்கையைப்போல் ஒன்றரை மடங்கு. மக்கட்டொகையோ நான்கு இலட்சத்தை அண்மியதே. கி.பி. 9 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நோர்வேயிலிருந்து பெரும்பாலாரும், பிரித்தானிய அயர்லாந்துப் பகுதிகளிலிருந்து ஏனையோரும் அங்கே குடியேறினர். அவர்கள் கொண்டுசென்ற பழைய நோர்ஸ் மொழி, டென்மார்க்கு முதலிய இடங்களிற் பெரிதும் உருத்திரிந்துபோக, அத்தீவில் அதிகம் மாறாது நின்றது. இன்றைய ஐஸ்லாந்து மாணவன் எண்ணூறு ஆண்டுக்கு முந்திய உரைநடையைச் சிறிது முயற்சியோடு படித்துணர வல்லவன். பழமையை இத்துணைப் பேணிய மொழியிலே வாரநாட் பெயர்கள் மாத்திரம் புதியனவாயிருத்தல் வியப்பன்றோ?

இன்று அங்கு வழங்கும் பெயர்கள் இவை: ஞாயிறு சுன்னுதாகுர், திங்கள் மானுதாகுர், செவ்வாய் திரித்யுதாகுர், புதன் மித்விகுதாகுர், வியாழன் பிம்துதாகுர், வெள்ளி பொஸ்துதாகுர், சனி லோய்கர்தாகுர். ஈற்றிலே நிற்குந் 'தாகுர்' நாள் எனப் பொருள்படும். முதலிரண்டும் சூரியன் நாள், சந்திரன் நாள் என்பன. ஏனையவை முறையே மூன்றாம் நாள், வாரநடு நாள், ஐந்தாம் நாள், நோன்பு நாள், நீராட்டு நாள் என்பன. ஒரு தெய்வத்தின் பெயரும் இவ்வரிசையில் இல்லை.

பழைய நூல்களிலோ வேறொரு வரிசை காணப்படுகின்றது. செவ்வாய்க்கிழமை டீர் என்னுந் தெய்வத்தின் நாள். புதன் ஒடினின் நாள். வியாழன் தோரின் நாள். வெள்ளி பிரிக் என்னும் தேவியின் நாள். டென்மார்க்கினரும் நோர்வேயினரும் சுவீடன் நாட்டினரும் இன்றும் இந்நால்வர் பெயராலேயே நாளெண்ணுகின்றனர். ஆங்கிலேயரின் டியூஸ்டே, வெட்னெஸ்டே, தேர்ஸ்டே, பிரைடே என்பனவும் அதே தெய்வங்களின் ஆங்கில வடிவங்களைத் தாங்கியனவே. ஐஸ்லாந்துக்கு அயலிலுள்ள பாரோத் தீவினர்கூடப் புதனுக்கு 'வாரநடு' என்னும் பெயரையும் வழங்கினரேயன்றி, டீரையும் தோரையும் பிரிக்கையும் கைவிட்டிலர். உறவினர் யாவரும் வைத்திருக்கும் பெயரை ஐஸ்லாந்தார் மட்டும் ஏன் நீக்கினர்?

தெய்வங்கள் நாளைப் பெற்ற வகை

இதனை அறிதற்கு முன், அத்தெய்வங்களுக்கு நாட்கள் எவ்வாறு கிடைத்தன என்பதை அறிதல் வேண்டும். பண்டை வானநூலார் பூமிக்குச் சேய்மையிலிருந்து அண்மை நோக்கிக் கோள்களைச் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என வரிசைப்படுத்தினர். ஒவ்வோர் ஓரைக்கும் இவ்வரிசைப்படி ஒரு கோள் தலைமை பூணும். ஒரு நாளின் இருபத்துநான்கு ஓரைகளில் மூவேழ் இருபத்தொன்று போக மூன்று எஞ்சும். எனவே சனியில் தொடங்கிய நாளுக்கு அடுத்த நாள் ஞாயிற்றில் தொடங்கும், அதற்கு அடுத்தது திங்களில், பின்னது செவ்வாயில். வாரம் பிறந்த கணக்கு இதுவே. நமது பஞ்சாங்கத்து ஓரைக்கும் உரோமர் வாரத்துக்கும் கணக்கு ஒன்றே. ஓரை என்னுஞ் சொல்லும் கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியாக வந்ததேயாம். ஆதலின் நம்முடைய புதனும் வடநாட்டாரின் ஒடின் நாளும் ஒரே நாளாயமைந்தமை தற்செயலன்று.

உரோமரிடமிருந்து இவ்வாரத்தைப் பெற்ற ஜேர்மானிய இனத்தார் கோள்களின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டிலர். உரோமத் தெய்வத்துக்குத் தம் தெய்வங்களுள் ஒத்தது யாதென நோக்கி அதன் பெயரை வைத்தனர். இடியேந்திய ஜுப்பிட்டருக்கு ஒப்பானவன் இடித்தெய்வமாகிய தோர். போர்த்தெய்வமாகிய மார்ஸுக்கு டீர். காதற்றெய்வமாகிய வீனஸுக்கு ஒடினின் மனைவி பிரிக். மெர்க்குரிக்கு ஒடினைக் கொண்டமை முதற்பார்வையிற் பொருந்தாததுபோலத் தோன்றும். ஆயின் கி.பி. 98 அளவில் ஜேர்மானியரைப் பற்றி எழுதிய உரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ், அவர்கள் எல்லாத் தெய்வங்களினும் மெர்க்குரியையே மேலாக வழிபடுவர் என்று குறித்துள்ளார். வழிப்போக்கும் சொல்வன்மையும் இறந்தோர் ஆவியை நடத்துதலும் இருவர்க்கும் பொதுவாதலின் இவ்வொப்புமை எழுந்தது போலும்.

இப்பெயர்கள் வடநாட்டில் தாமாக முளைத்தன அல்ல, தெற்கிலிருந்து சென்றவை என்பதற்கு வெள்ளிக்கிழமையே சான்று. பிரிக் என்பதிலிருந்து பழைய நோர்ஸ் மொழி இலக்கணப்படி நாட்பெயர் அமைப்பின் 'பிரிக்யர்தாக்ர்' என வருதல் வேண்டும். வழக்கிலிருந்ததோ 'பிரியாதாக்ர்'. இஃது ஆங்கிலம், ஜேர்மன் முதலிய தென்மொழிகளின் வடிவத்தை ஒட்டியது. சொல் தன் பிறப்பிடத்தை ஒலியிலே காட்டிக்கொடுத்துவிடும். மொழிநூலுக்கு அதுவே பற்றுக்கோடு.

மேற்றிராணியாரின் கட்டளை

ஐஸ்லாந்தார் 930 ஆம் ஆண்டளவில் அல்திங்கு என்னும் பொதுமன்றத்தை நிறுவினர். ஆயிரமாம் ஆண்டளவில் அம்மன்றத்திலேயே கிறித்துவ சமயத்தை நாட்டுச் சமயமாக ஏற்றனர். 1106 இல் வடபகுதிக்கென ஹோலர் என்னுமிடத்தில் ஒரு மேற்றிராசனம் அமைந்தது. அதன் முதல் மேற்றிராணியார் யோன் ஓக்முண்ட்சன் என்பார். 1121 இல் இறக்கும்வரை அப்பதவியை வகித்தவர். 1200 இல் அல்திங்கிலே புனிதரென அறிவிக்கப்பட்டவர்.

இவர் வரலாற்றைத் திங்கேயர் மடத்துத் துறவி குன்லோய்கர் லெய்ப்சன் இலத்தீனில் எழுதினார். மூலம் மறைந்தது; ஐஸ்லாந்து மொழியிலமைந்த வடிவங்கள் எஞ்சின. அவ்வரலாறு கூறுவது: டீர், ஒடின், தோர் முதலியோர்க்கு உரியவையாக நாட்களைப் பெயரிட்டழைத்தலை மேற்றிராணியார் விலக்கினார், திருச்சபைப் பெரியோர் வகுத்தபடி வாரத்தின் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என எண்ணி வழங்குமாறு பணித்தார்.

இக்கருத்து அவர்க்கே புதிதாகத் தோன்றியதன்று. இலத்தீன் திருச்சபை வாரநாட்களை எண்ணாற் குறிக்கும் வழக்கம் பழமையானது. 6 ஆம் நூற்றாண்டிலே, இன்று போர்த்துக்கல் எனப்படும் பகுதியிலிருந்த பிராகா நகர் மேற்றிராணியார் மார்ட்டின், தெய்வப் பெயரால் நாளழைத்தலைக் கண்டித்தெழுதினார். போர்த்துக்கேயர் இன்றும் திங்கள் முதல் வெள்ளி வரையான நாட்களை இரண்டாவது, மூன்றாவது என எண்ணியே வழங்குவர். ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் நடந்தது, ஐந்நூறு ஆண்டு கழித்து வடமேற்கு மூலையிலும் நடந்தது.

யோன் கடுமையானவர் மட்டும் அல்லர்; கல்வியைப் போற்றியவர். ஹோலரில் பள்ளியொன்று நிறுவி, இலத்தீன் இலக்கணம் கற்பிக்கச் சுவீடன் பக்கத்திலிருந்து ஓராசிரியரையும், இசையும் செய்யுளும் கற்பிக்கக் கண்டத்திலிருந்து மற்றோராசிரியரையும் வருவித்தார். அங்கே இங்குன் என்னும் பெண்மணி இலக்கணம் பயிற்றினார். தாம் துணியிற் பூத்தையல் செய்துகொண்டிருக்க, மாணவர் இலத்தீன் நூலை வாசிப்பர். பிழை வருமிடத்துத் திருத்துவார். ஆலயங் கட்ட வந்த தச்சர் தோரொட்டர், பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இலக்கணத்தை வேலையினிடையே காதாற் கேட்டே கற்றுத் தேர்ந்தார் என்றும் அவ்வரலாறு பேசும். ஆசிரியத் தொழில் செய்வார் எவர்க்கும் இச்செய்திகள் இனிக்கும்.

அதே பள்ளியில் கிளைங்கர் என்னும் மாணாக்கன் உரோமப் புலவர் ஓவிட்டின் காதல் நூலை வாசித்திருக்கக் கண்ட மேற்றிராணியார், மனித இயல்பு தானாகவே அவ்வழிச் சரிவது, நூலின் துணை வேண்டுவதில்லை என்ற கருத்துப்படக் கூறித் தடுத்தாராம். அம்மாணாக்கனோ பின்னாளில் 1152 முதல் 1176 வரை ஸ்கால்ஹோல்ட் என்னும் தென்பகுதி மேற்றிராசனத்தில் வீற்றிருந்தான். நாட்பெயரைத் திருத்திய கையும் நூலைத் தடுத்த கையும் ஒன்றே. சொல்லுக்கு ஆற்றலுண்டு என நம்பியவர் அவர்.

கட்டளையும் வழக்கும்

எனினும் ஒருவர் கட்டளையால் ஒரு மொழி முழுதும் மாறியதென்று கொள்ளுதல் பொருந்துமா? மேற்றிராணியாரின் வரலாறு அவர் மறைந்து ஏறக்குறைய எண்பது ஆண்டின் பின் எழுந்தது; புனிதரின் புகழை நாட்டுதலே அதன் நோக்கு. அன்றியும், இன்றைய பெயர்வரிசை அவர் பணித்த வரிசையோடு முற்றும் ஒவ்வாது. எண்ணாலமைந்தவை செவ்வாயும் வியாழனும் மாத்திரமே. திங்கள் 'இரண்டாம் நாள்' ஆகவில்லை. சந்திரன் நாளாகவே நின்றுவிட்டது. புதன் 'நான்காம் நாள்' ஆகாது வாரநடு ஆயிற்று. ஜேர்மன் மொழியிலும் ஒடினின் இடத்தை வாரநடுவே கைப்பற்றியது. வெள்ளி 'ஆறாம் நாள்' ஆகாது நோன்பு நாள் ஆயிற்று. அயர்லாந்து மொழியிலும் புதன் முதல் நோன்பு, வெள்ளி நோன்பு, வியாழன் இரு நோன்புகளுக்கு இடைப்பட்ட நாள். திருச்சபையின் வாழ்க்கை முறையே பெயராக உறைந்தமைக்கு இவை சான்று.

ஆதலின் மேற்றிராணியார் வாயிலைத் திறந்தார். உள்ளே எது புகவேண்டும் என்பதை மக்கள் வழக்கே தீர்மானித்தது எனலாம். சிறுதொகையினரான மக்கள், ஒரே மன்றம், இரண்டே மேற்றிராசனங்கள், எழுதக் கற்றோர் பெரும்பாலும் அப்பள்ளிகளிற் பயின்றோர். இத்தகைய நாட்டிலே பள்ளி வழக்கு நாட்டு வழக்காதல் எளிது. பரந்த டென்மார்க்கிலும் நோர்வேயிலும் அது கூடவில்லை.

புதுப்பெயர்கள் எவ்வளவு வேரூன்றின என்பதற்கு ஐஸ்லாந்தாரின் பழமொழித் தொடரொன்று நல்ல சான்று. எந்நாளிற் றொடங்கிய செயல் எப்பயன் தரும் என ஏழு நாளுக்கும் அது பலன் கூறும். ஐந்தாம் நாளுக்குப் புகழ், நோன்பு நாளுக்குச் செல்வம், நீராட்டு நாளுக்கு நற்பேறு என வரும். நாட்பெயரின் முதலெழுத்தும் பயனின் முதலெழுத்தும் அவர்கள் மொழியில் மோனை கொள்ளும். அம்மோனை புதிய பெயர்களுக்கே பொருந்தும். தோர் நாளென்று வைத்தாற் புகழோடு மோனை கூடாது. மேற்றிராணியார் விலக்க விரும்பிய நாட்பலன் நம்பிக்கை, அவர் தந்த பெயர்களிலேயே மோனை கட்டிக் குடியமர்ந்தது!

நீராட்டு நாள்

சனிக்கிழமையின் வரலாறு தனி. உரோமரின் சனித் தெய்வத்துக்கு நிகரானதொரு தெய்வம் வடநாட்டார்க்குக் கிடைக்கவில்லை போலும். ஆங்கிலேயர் உரோமப் பெயரையே வைத்துக்கொண்டனர். வடநாட்டார் அந்நாளில் தாம் செய்த செயலையே பெயராக்கினர், அது நீராடுதல். பழைய மொழியில் 'கழுவும் நாள்' என மற்றொரு பெயரும் உண்டு. இங்கிலாந்திற் குடியேறிய டேனியர் நாடோறும் தலைவாரி, சனிதோறும் நீராடி, அதனால் ஆங்கிலப் பெண்டிரின் மனத்தைக் கவர்ந்தனர் என்று 13 ஆம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றேடொன்று குறைகூறும். ஐஸ்லாந்திலோ நிலமே வெந்நீர் ஊற்றுக்களைச் சுரப்பது. 'லோய்க்' என்றால் அத்தகைய நீராடு குளம். புகழ்பெற்ற புலவர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் ரெய்க்ஹோல்ட் என்னும் ஊரில் நீராடிய வெந்நீர்க் குளம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கு உரியதென்பது நம்மவர் வழக்கு. ஔவையாரின் ஆத்திசூடிக்கும் அப்பொருளே கூறுவார் பலர். ஒன்றையொன்று அறியாத இரு நாட்டார் அதே நாளை நீராட்டுக்குக் கொண்டமை நினைந்து மகிழத்தக்கது.

இப்பெயரிலே தெய்வமில்லை, ஆதலின் மேற்றிராணியார்க்கு விலக்க வேண்டியதும் இல்லை. அது பழையபடியே நின்றது.

போகாதவை

நாட்பெயரிலிருந்து தெய்வங்கள் போயின. நாட்டிலிருந்து போயினவா? ஆட்பெயரை நோக்குக. கிறித்துவத்தை ஏற்கலாம் என்று அல்திங்கிலே தீர்ப்புரைத்த சட்டத்தலைவர் தோர்கெய்ர். அவர் பெயரிலே தோர் உளன். மேற்றிராணியாரின் ஆலயத்தைக் கட்டிய தச்சர் தோரொட்டர் பெயரிலும் உளன். 1193 இல் மறைந்து சில ஆண்டுகளிலேயே புனிதராகப் போற்றப்பெற்று, 1984 இல் பாப்பரசரால் ஐஸ்லாந்தின் பாதுகாவலர் என அறிவிக்கப்பட்டவர் மேற்றிராணியார் தோர்லாக்; தந்தை பெயர் தோர்ஹல்லர். தந்தை பெயரிலும் மைந்தன் பெயரிலும் தோர்! இன்றும் ஐஸ்லாந்திலே தோர் என்று தொடங்கும் பெயருடையார் எண்ணிறந்தோர்.

நாட்கணக்கையும் நோக்குக. பழைய ஐஸ்லாந்தார் ஆண்டை மாதத்தால் அன்றி வாரத்தாலே அளந்தனர். 52 வாரம், 364 நாள் ஓர் ஆண்டு. கோடை மெல்ல மெல்ல இளவேனிலுக்குள் நழுவுவது கண்டு, 10 ஆம் நூற்றாண்டின் நடுவிலே தோர்ஸ்டெய்ன் என்பார் சில ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வாரம் கூட்டுமாறு மன்றத்திற் சொல்லித் திருத்தினார் என்று அறிஞர் ஆரி எழுதிவைத்தார். அவர் பெயரிலும் தோர் உளன் என்பதைச் சொல்ல வேண்டா. அக்கணக்கின்படி கோடையின் முதல்நாள் என்றும் வியாழக்கிழமையே. அல்திங்கு கூடியதும் வியாழக்கிழமையே. ஏப்பிரில் 19 க்கும் 25 க்கும் இடைப்படும் வியாழன் இன்றும் ஐஸ்லாந்தார்க்குப் பொது விடுமுறை. 'ஐந்தாம் நாள்' எனப் பெயர் மாறியும் தோரின் நாளுக்குரிய சிறப்பு நீங்கவில்லை.

எல்லாவற்றினும் மேலானது நூற்செல்வம். ஒடினின் பெயரால் நாளெண்ணிய டேனியரும் ஆங்கிலேயரும் ஒடினின் கதையைப் பெரும்பாலும் மறந்தனர். ஓநாயின் வாயில் தன் வலக்கையை வைத்து இழந்தவன் டீர் என்பது, டியூஸ்டே என நாடோறும் சொல்லும் ஆங்கிலேயர் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவரும் அதனை ஐஸ்லாந்து நூலிலிருந்தே அறிந்தனர். 1220 அளவில் ஸ்நோரி இயற்றிய எட்டா என்னும் நூல், இளம் புலவர் பழைய செய்யுளை உணர்தற்பொருட்டு அத்தெய்வங்களின் கதைகளைத் தொகுத்துரைத்தது. 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட தோலேடொன்று தெய்வப் பாடல்களையும் வீரப் பாடல்களையும் காத்தது. எழுதினோர் கிறித்துவர், ஒடினை வணங்காதவர். வணங்காமலே போற்றினர். செய்யுளை உணரக் கதை வேண்டும் என்றறிந்த ஆசிரியரின் போற்றுதல் அது.

அத்தோலேடு 1643 இல் ஸ்கால்ஹோல்ட் மேற்றிராணியார் பிரின்யோல்புர் கைக்கு வந்தது. 1662 இல் அவர் அதனை டென்மார்க்கு அரசனுக்கு அனுப்பினார். முந்நூறு ஆண்டு கொப்பனேகனில் இருந்தது. ஐஸ்லாந்து விடுதலை பெற்றபின் நீண்ட பேச்சுக்களின் முடிவில், டேனியப் போர்க்கப்பலொன்று அதனைத் திருப்பிக் கொணர்ந்தது. ரெய்க்கியவிக் துறைமுகத்திலே மக்கள் திரண்டு நின்று, தம் முன்னோரின் ஏட்டை வரவேற்றனர். அந்நாள் 1971 ஏப்பிரில் 21.

பெயரும் நினைவும்

என் மாணவனுக்கு இப்பொழுது விடை சொல்லலாம். நாளுக்கும் தெய்வத்துக்கும் உள்ள உரிமை பிறிதின்கிழமையே, வீட்டைப்போல் கைமாறும். ஐஸ்லாந்தார் மாற்றிக் காட்டினர். மாற்றியதால் அவர் மொழி குறைவுபடவுமில்லை. நம்மிடையேயும் புதனை அறிவன் என்றும் சனியைக் காரி என்றும் வழங்கல் வேண்டும் என்பார் உளர். அது கூடாதென்பாரும் உளர். இரு சாராரும் ஐஸ்லாந்தை நோக்குவது நன்று. பெயரை வைத்திருந்தோர் பொருளை மறந்தனர். பெயரை நீக்கியோர் பொருளைக் காத்தனர். காத்தது நாட்பெயரன்று, ஏடும், அதனைப் படிக்கும் பள்ளியும். தற்கிழமையாக ஒரு மக்களுக்கு உரியது, அவர் கற்றுக் கையளிக்கும் நினைவு ஒன்றே.

மற்றொன்றுஞ் சொல்லி முடிப்பேன். அக்கப்பல் ரெய்க்கியவிக்கை அடைந்த நாள் யாதெனக் கணக்கிட்டுப் பார்த்தேன். புதன்கிழமை. கப்பலிலே வந்த டேனிய மாலுமிகளுக்கு அது ஒடினின் நாள். அவர்கள் ஒடினின் பாடல்களை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினர். கரையிலே நின்று பெற்றுக்கொண்ட ஐஸ்லாந்தார்க்கு அது வெறும் வாரநடு. மறுநாள் வியாழக்கிழமை, அவர்கள் கோடையின் முதல்நாள்.